நான்காவது மாடியிலிருந்து ஒரு மரத்தோடு பழகுவது எப்படி

மனசு கனத்துப் போனால் மலைக்கோ கடலுக்கோ போய்விட்டு வா என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வருடத்தில் நான்கைந்து நாள் மட்டும் பார்க்கிற மலையோடு எப்படி உறவு வரும்? கல்யாண வீட்டில் மட்டும் பார்க்கிற தூரத்துச் சொந்தக்காரரிடம் என்ன பேசுகிறோம்? "சௌக்கியமா, எப்ப வந்தீங்க?" அதோடு சரி. இயற்கையோடு ஆழமான தொடர்பு வேண்டும் என்று தேடுகிற நகரவாசிக்கு நான் சொல்வது இதுதான்: ஜன்னலிலிருந்து தெரிகிற ஏதாவது ஒன்றோடு பழகுங்கள். அடிக்கடி, கொஞ்ச நேரம், எதையும் எதிர்பார்க்காமல்.

என் தொழில் கணக்குத் தணிக்கை. நாள் முழுக்கத் திரையில் எண்கள். அதனால் யாராவது 'பிரபஞ்ச சக்தி', 'அதிர்வலை' என்று ஆரம்பித்தால் வவுச்சர் எங்கே என்று கேட்கத் தோன்றும். நான் ஆன்மிகம் என்று சொல்வது சின்ன விஷயம். என்னைக் கேட்காமல், எனக்காகவும் இல்லாமல், என் பக்கத்திலேயே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. அதில் நானும் சேர்த்தி என்று உடம்புக்கே தெரிய வேண்டும். சாமி கும்பிடுகிறவர் அதைச் சாமி என்பார், கும்பிடாதவர் வேறு பெயர் வைப்பார். செய்முறை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வவுச்சர் கேட்கிற நானே இரண்டைக் காட்டிவிடுகிறேன். ரோஜர் உல்ரிச் என்பவர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் புரட்டி 1984இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்த அறைக்காரர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. அடுத்தது 2019இல், இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்துச் செய்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை மாதிரி இடங்களில் இருந்தவர்கள், தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாக மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் 2 மணி நேரமா, துண்டு துண்டாகவா என்பதில் வித்தியாசம் இல்லை. தணிக்கைக் குறிப்பு: 46 என்பது சின்ன எண்ணிக்கை. இரண்டாவது ஆய்வில், நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஆனாலும் துண்டு நேரம் வீணில்லை என்பது நமக்குப் போதும்.

யாரோடு பழகுவது

மூன்று தகுதி பாருங்கள். மெனக்கெடாமல் கண்ணில் பட வேண்டும். மாறிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுடையதாக இருக்கக் கூடாது.

மூன்றாவதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் எல்லோரும் தொட்டிச் செடியில்தான் ஆரம்பிக்கிறார்கள். தொட்டிச் செடி அருமையானதுதான். ஆனால் அதற்குத் தண்ணீர், உரம், இடம் எல்லாம் நீங்கள். அது வாடினால் குற்ற உணர்ச்சி, தழைத்தால் பெருமை. கடைசியில் கதை உங்களைப் பற்றியதாகிவிடுகிறது. உங்களைக் கொஞ்சமும் சட்டை செய்யாத ஒன்றை முதலில் பிடியுங்கள். தெருவோர மரம், எதிர்ச் சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்று (பறவை எச்சத்தில் வந்த விதை, யாரும் நட்டதில்லை), மழைநீர்க் குழாய் ஓரத்துப் பாசி, எறும்புச் சாரி, காகம். எதுவாக இருந்தாலும் சரி.

மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்குமே, லைக்கன், அதைக்கூட எடுத்துக்கொள்ளலாம். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர் அது. காற்று கெட்டால் முதலில் காலி செய்கிறவற்றில் ஒன்று. வில்லியம் நைலாண்டர் என்ற தாவரவியலாளர் 1866இலேயே பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களை வைத்து நகரக் காற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார். உங்கள் தெரு மரத்தில் லைக்கன் இருக்கிறதா, எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தால் ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது.

என்னுடையது நான்காவது மாடி. ஜன்னலுக்கு நேரே ஒரு மரத்தின் உச்சி. கீழே நடக்கிறவர்களுக்கு அது நிழல், எனக்கு அது பறவைகள் வந்து போகிற மேடை. மாடி வீட்டுக்காரர்கள் தோட்டம் இல்லையே என்று ஏங்குவதை விட்டுவிட்டு, உச்சியைப் பார்க்கிற வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எப்படிப் பார்ப்பது

பழைய தமிழ் இலக்கணத்தில் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்திருக்கிறார்கள்: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மணி நேரம். தேர்வுக்குப் படித்து மறந்திருப்பீர்கள். இப்போது அதை எடுத்து வேலை வாங்குங்கள். உங்கள் மரத்தை ஒரே நேரத்தில் தினமும் பார்க்காமல், இந்த வாரத்துக்குள் ஆறு பொழுதிலும் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். எற்பாடு, அதாவது பிற்பகல் வெயில் சாய்கிற நேரம், அலுவலகத்தில் எல்லோரும் கொட்டாவி விடுகிற நேரம்தான். அப்போது சாய்ந்த வெயில் இலைக்குப் பின்பக்கத்திலிருந்து வரும், நரம்புகள் தெரியும். நண்பகலில் அதே மரம் தட்டையாக, தூசியாக, ஒன்றுமில்லாததாக இருக்கும். யாமத்தில் தெருவிளக்கு பக்கம் இருக்கிற கிளைக்கும் இருட்டுப் பக்கக் கிளைக்கும் நிறம் வேறு.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். இதில் மட்டும் நான் கறார். படம் எடுத்த உடனே 'பார்த்தாச்சு' என்று மனசு கணக்கை முடித்துவிடுகிறது.

எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். தளிர் எந்த நிறம்? பல மரங்களில் அது செம்பு நிறத்தில் வந்து மெல்லப் பச்சையாகும். அந்த மாற்றத்துக்கு எத்தனை நாள்? காற்று வந்தால் எந்தக் கிளை முதலில் ஆடுகிறது? யார் எந்தக் கிளையில் உட்காருகிறார்கள்? பறவைகளுக்கு அதில் பிடிவாதம் அதிகம், கவனித்தால் தெரியும். எறும்பு ஏறுகிறதா இறங்குகிறதா, வாயில் எதையாவது கவ்வியிருக்கிறதா? மழை நின்ற பிறகு மரத்துக்குள் மட்டும் எவ்வளவு நேரம் மழை பெய்கிறது?

ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். உணர்ச்சியை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். 'மனம் அமைதியடைந்தது' என்று எழுத ஆரம்பித்தால் நாலாம் நாள் பொய் எழுத வேண்டிவரும். 'கிழக்குக் கிளையில் மூன்று பூ, ஒன்று உதிர்ந்தது' என்று எழுதினால் அது என்றைக்கும் உண்மை. அமைதி வந்தால் வரட்டும், அதற்கு ரசீது வேண்டாம்.

பெயர் தெரிய வேண்டுமா? ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் கேட்கலாம். பறவைக் குரலுக்கு கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் பார்த்த பிறகு தேடுங்கள். முதல் நாளே பெயர் தெரிந்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடும். நீங்களாகவே ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மரமே இல்லாத வீடு

எதிர்ச் சுவர் மட்டும்தான் தெரிகிறது என்பவர்களுக்கு வானம் இருக்கிறது. நகரத்து வானம் மங்கலானது, ஒத்துக்கொள்கிறேன். 2016இல் வெளியான ஓர் உலக வரைபடத்தின்படி மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குப் பால்வீதியே தெரிவதில்லை. விளக்கு வெளிச்சம் அப்படி. ஆனால் சூரியனும் நிலாவும் எந்த விளக்குக்கும் அசருவதில்லை. அவற்றைக் கவனிக்க நகரம் கிராமத்தைவிட வசதி. ஏன் தெரியுமா? கட்டடங்கள்.

சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஜூன் 21 வாக்கில் வடகிழக்கின் கோடியில், டிசம்பர் 21 வாக்கில் தென்கிழக்கின் கோடியில் உதிக்கும். பூமத்திய ரேகைப் பக்கமே இந்த இரண்டு கோடிக்கும் நடுவே ஏறத்தாழ 47 பாகை (டிகிரி). துருவங்களை நோக்கிப் போகப் போக இன்னும் அதிகம். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் 10 பாகை. ஆக, கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம் சூரியன் வருடம் முழுக்க நடந்து போய்த் திரும்பி வருகிறது. வெட்டவெளியில் இதைக் குறித்துவைக்க ஆதாரப் புள்ளி கிடைப்பது கஷ்டம். உங்களுக்கோ தண்ணீர்த் தொட்டி, கோபுரம், மாடிப்படிக் கூரை என்று அளவுகோலில் கோடு போட்ட மாதிரி நிற்கின்றன. மார்ச், செப்டம்பர் 20ஆம் தேதிகளை ஒட்டிப் பார்த்தால் உதயம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட சூரியனின் சொந்த அகலத்துக்கு நகரும். இரண்டே நாளில் வித்தியாசம் தெரியும். ஜூனிலும் டிசம்பரிலும் நகர்வதே தெரியாது.

சூரியனை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். அதற்குப் பதில், வீட்டுக்குள் விழுகிற வெயில் கட்டத்தைப் பிடியுங்கள். வாரம் ஒருமுறை, கடிகாரத்தில் அதே நேரத்துக்கு, அதன் மூலையில் சின்னதாக ஒரு ஒட்டுநாடாத் துண்டும் தேதியும். பென்சில் வேண்டாம், வாடகை வீட்டுச் சுவர். என் அறையில் அந்தத் துண்டுகள் அலமாரியைத் தாண்டிப் போனபோது மகள் கேட்டாள், "அம்மா, சுவத்துல என்ன லெட்ஜரா?" ஆமாம், லெட்ஜர்தான். பூமி சாய்ந்து சுற்றுவதற்கு வீட்டுக்குள்ளேயே பதிவு.

நிலா இன்னும் சுலபம். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். மாலையில் மேற்கே கீற்றாகத் தெரிந்தால் வளர்பிறை. பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி எதிர்த் திசையில் எழும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மேற்கே வெளுப்பாக நிற்பது தேய்பிறை. வாரத்துக்கு ஒரு தடவையாவது காலண்டரைப் பார்க்காமல் 'இன்றைக்கு நிலா எங்கே?' என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரிந்திருக்கிற நாள் நடையே வேறாக இருக்கும்.

மழை வாசனைக்குப் பயிற்சி எதுவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964இல் அதற்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அந்த மண்வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மினுக்கு, மண்ணில் இருக்கிற பாக்டீரியா உண்டாக்குவது. காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். கான்கிரீட்டுக்குள் வாழ்ந்தாலும் மூக்கு இன்னும் மண்ணைத்தான் தேடுகிறது.

ஒன்றும் தோன்றவில்லை என்றால்

தோன்றாது. பல நாள் தோன்றாது. மூன்று நிமிடம் மூன்று மணி நேரமாகத் தெரியும், மனசில் மின்கட்டணம் ஓடும். ஓடட்டும். இதைத் தியானமாக்கி, மூச்சை எண்ணி, சாதனை பண்ண வேண்டியதில்லை. அருவிச் சத்தத்தைக் காதுக்குள் ஓடவிடுகிற செயலிகள் மேல் எனக்கு இருக்கிற குறையும் அதுதான்: உடனே ஏதோ தோன்றியாக வேண்டும் என்று அவசரப்படுத்துகின்றன. நிஜ மரத்துக்கு அந்த அவசரம் இல்லை.

மரத்தோடு பேசலாமா? நான் பேசுகிறேன். கிளம்பும்போது "வரேன்" என்பேன். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மெல்பர்ன் மாநகராட்சி தன் மரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது, உடைந்த கிளை, நோய் பற்றி மக்கள் புகார் அனுப்புவதற்காக. மக்களோ மரங்களுக்குக் காதல் கடிதம் அனுப்பினார்கள். மரத்தின் சார்பில் சில பதில்களும் போயின.

காகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதில் நேரடியாகவே கிடைக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் குகை மனித முகமூடி மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியோடு நடந்தால் காகங்கள் கூட்டமாகத் திட்டித் தீர்த்தன. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. நீங்கள் பார்க்கிற காகம் உங்களையும் பார்த்துவைத்துக்கொள்கிறது. நடத்தையில் கவனம் தேவை.

பழகிய பிறகு வருகிற கடமைகள்

தண்ணீர் வைத்தால் அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் வையுங்கள். தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள். விட்டுவிட்டால் ஒரு வாரத்துக்குள் கொசு வளர்ந்து பறந்துவிடும்.

பெரிய விஷயம் கண்ணாடி. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் நடுவே பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் மதிப்பிட்டார்கள். 2023 அக்டோபரில் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தின் கண்ணாடியில் ஒரே இரவில் ஏறத்தாழ 1,000 பறவைகள் மோதி இறந்தன. வலசைக் காலம், விளக்கு வெளிச்சம், பளபளக்கும் சுவர். அடுத்த வருடம் அதே கண்ணாடியில் சின்னப் புள்ளிகள் போட்ட படலம் ஒட்டியதும் சாவு பெருமளவு குறைந்துவிட்டது. அதனால் வலசைக் காலத்து இரவுகளில் தேவையில்லாத விளக்கை அணையுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். மரத்துக்கு எதிரே இருக்கிற கண்ணாடிதான் ஆபத்து, அதில் மரம் பிரதிபலிக்கும். புள்ளி ஒட்டுவதானால் வெளிப்பக்கம், 5 செ.மீ. இடைவெளியில், முழுக் கண்ணாடிக்கும். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதில் பயனில்லை, பறவை அதற்குப் பக்கத்தில் மோதும். கை எட்டுகிற கண்ணாடி என்றால் சோப்புக் கட்டியால் நெருக்கமாகக் கோடு போட்டாலே போதும். மழைக்கு அப்புறம் மறுபடி போட வேண்டும். எட்டாத ஜன்னலில் வெளியே தொங்கிக்கொண்டு எதையும் ஒட்டாதீர்கள். மேல் சட்டத்தில் ஒரு கம்பி கட்டி, அதிலிருந்து 10 செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய கயிறுகளை வெளியே தொங்கவிடுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். கயிறுகளுக்கு நடுவே மரம் நன்றாகவே தெரிகிறது.