அறைக்கு எத்தனை டன் ஏசி?

ஏசி வாங்கப் போகுமுன் அறையின் நீள அகலத்தை நாடா வைத்து அளந்துவிடுங்கள். கண்மதிப்பு இங்கே உதவாது. 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி அறைக்குப் பொதுவாக 1 டன் போதும். 150 முதல் 180 சதுர அடி வரை 1.5 டன். அதற்கு மேல் 2 டன்னைப் பார்க்கலாம். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன்.

"எதற்கும் பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்பவர்கள்தான் அதிகம். அது வீண் செலவு மட்டுமல்ல. அளவுக்கு மீறிய ஏசி சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். சற்று நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் பட்டு நீராக வடிய நேரம் வேண்டும். அந்த அவகாசம் கிடைக்காததால், அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கும். கம்ப்ரெஸருக்கும் தேய்மானம் கூடும். இன்வெர்ட்டர் ஏசி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

சதுர அடி பாதிக் கணக்குதான். கூரை வெயில் வாங்கும் மேல்மாடி, மாலை வெயில் அறையும் மேற்குச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல், 10 அடிக்கு மேல் உயரமான கூரை: இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஒரு படி மேலே போகத் தயங்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். நாலு பேர் கூடும் அறையைப் படுக்கையறைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடையில் டன்னோடு நின்றுவிடாமல், குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்றும் கேளுங்கள். 1.5 டன் என்று எழுதிய இரண்டு ஏசிகளில் அது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.