படகு எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறதா?

அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று திணறினால் உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள, டேங்குக்குள் காற்று போக விடும் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். அதை மறந்துவிட்டு மெக்கானிக்கைத் தேடியவன் நான்.

அது சரியாக இருந்தால், திணறும் அந்த நொடியிலேயே பெட்ரோல் ஓஸில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்குங்கள். வேகம் பிடித்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்ப் சோர்ந்திருக்கலாம், அல்லது ஓஸில் எங்கோ காற்று இழுக்கலாம். பல்ப் சப்பிப்போய்க் கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படாமல் தொளதொளவென்றே இருந்தால் கிளிப், இணைப்பு, பல்பின் வால்வு மூன்றையும் பாருங்கள்.

அப்புறம், பெட்ரோல் ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசைக்காமல் வையுங்கள். அடியில் ஒரு அடுக்கு கோடு போட்டாற்போல் தனியாக நின்றால், அது தண்ணீர்.