பாடகியின் மவுசு குறைந்தது அரசியலாலா? சரிபார்க்கும் வழி

2003 மார்ச்சில் ஒரு காலை, பக்கத்து வீட்டு அம்மா மளிகைப் பை ஒன்றில் இரண்டு சிடிகளைப் போட்டு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். இனி இது தன் வீட்டில் இருக்க வேண்டாம் என்றார். இரண்டும் டிக்ஸி சிக்ஸ் (Dixie Chicks) என்ற மூன்று பெண்களின் கன்ட்ரி இசைக் குழு, அதாவது அமெரிக்கக் கிராமிய வழி இசைக் குழு, போட்ட ஆல்பங்கள். பிளாஸ்டிக் மூடியில் கீறல் விழாத இடமே இல்லை. அவ்வளவு தடவை எடுத்துக் கேட்டிருக்கிறார்.

நாங்கள் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து டாலஸ் பக்கத்தில் குடியேறி அப்போது எட்டு மாதம். வேலைக்கு வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வேலைக்குப் போக வழியில்லை, கார் ஓட்டவும் தெரியாது. பகலெல்லாம் சமையலறை ரேடியோதான் துணை. டெக்சஸ்காரர்கள் பேசும் ஆங்கிலம் என் காதுக்குப் பிடிபட்டதே கன்ட்ரி பாட்டுகளால்தான். வாரத்துக்கு ஒரு நாள் என்னைத் தன் காரில் நூலகத்துக்குக் கூட்டிப்போனவர் அந்த அம்மா. அவருடைய பேரன் அப்போது ராணுவத்தோடு குவைத்தில் இருந்தான்.

அதே வாரம் என் ரேடியோவிலும் அந்த மூன்று பெண்களின் குரல் நின்றுபோனது. அவர்களில் ஒருவர் ஜனாதிபதியைப் பற்றிப் பேசியதில் ஊருக்கே கோபம், அதனால் ரேடியோவும் நிறுத்திவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்த அம்மா சிடியைக் கொடுத்ததும் ரேடியோ பாட்டை நிறுத்தியதும் வேறு வேறு காரியங்கள் என்று புரிய எனக்கு நாலு வருடம் ஆனது. ஒரு பாடகர் அரசியல் பேசினார், அதோடு மார்க்கெட் போச்சு என்று இன்றும் ஒரே வரியில் சொல்லி முடிக்கிறார்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் எப்படிச் சரிபார்க்கிறேன் என்று டிக்ஸி சிக்ஸை வைத்தே சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில், அவர் சொன்னது என்ன என்பதை முழுசாகத் தேடிப் பிடியுங்கள். 2003 மார்ச் 10, லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கு. ஒரு பாட்டுக்கு முன்னால் குழுவின் பாடகி நாட்டலி மெயின்ஸ் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்: நாங்களும் உங்கள் பக்கம்தான், இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க ஜனாதிபதி (அப்போது ஜார்ஜ் W. புஷ்) டெக்சஸ்காரர் என்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து கார்டியன் பத்திரிகையின் கச்சேரி விமர்சனத்தில் அந்த வெட்கம் மட்டும் வந்தது. போர் வேண்டாம் என்ற பகுதி வரவில்லை. அமெரிக்கா முழுக்கச் சுற்றியது அந்தத் துண்டுதான்.

பேச்சுக்குப் பக்கத்திலேயே தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். ஈராக் போர் தொடங்கியது மார்ச் 20. இடையில் பத்தே நாள்தான். இடம் வெளிநாடு. நாட்டலி டெக்சஸில் லபக் ஊர்ப் பெண், அவருடைய அப்பா லாயிட் மெயின்ஸ் டெக்சஸ் இசை உலகில் பெயர்பெற்ற ஸ்டீல் கிட்டார் கலைஞர். சொந்த ஊர்க்காரி ஊர்க்காரரைப் பற்றிச் சொன்னதாகத்தான் நாட்டலி நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம், விழுவதற்கு முன்னால் எவ்வளவு உயரத்தில் இருந்தார்கள் என்று பாருங்கள். 1998-லும் 1999-லும் வந்த இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவில் தலா ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியவை. 2003 ஜனவரி 26 அன்று, லண்டன் கச்சேரிக்கு ஆறே வாரம் முன்பு, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மைதானத்தில் தேசிய கீதம் பாடியவர்கள் இவர்கள். அதே நேரத்தில் விரிசல் முன்பே இருந்ததா என்றும் தேடுங்கள், இருந்தது. 2001-ல் ராயல்டி கணக்கில் இசை நிறுவனத்தோடு வழக்கு, அடுத்த வருடம் சமாதானம். 2002-ல் வந்த அவர்களுடைய பாட்டு ஒன்றிலேயே அன்றைய கன்ட்ரி ரேடியோவைக் குத்திக்காட்டும் வரிகள் இருந்தன. எல்லாப் பழியையும் ஒரு வாக்கியத்தின் மேல் போடுவதற்கு முன் இதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

இனி வருவதுதான் முக்கியம், பலர் சறுக்கும் இடமும் இதுதான். பாட்டுப் பட்டியலில் சரிந்தது என்றால், அந்தப் பட்டியல் எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். லண்டனில் பேசிய அந்த வாரத்தில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துகொண்டிருந்தது அவர்களுடைய 'டிராவலின் சோல்ஜர்'. போருக்குப் போய்த் திரும்பாத ஒரு பையனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. முதலிடத்தில் ஒரு வாரம் இருந்தது. கொஞ்ச நாளில் பட்டியலிலேயே இல்லை. ரசிகர்கள் ஒரே வாரத்தில் கைகழுவிவிட்டார்கள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். ஆனால் அந்தக் காலத்தில் கன்ட்ரி பட்டியல் எண்ணியது ரேடியோ நிலையங்கள் ஒரு பாட்டை எவ்வளவு போட்டன என்பதை மட்டும்தான். எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதற்கு அதில் இடமே கிடையாது. அங்கே தெரிந்த சரிவு நிலையங்களின் முடிவு. அன்று விற்பனையையும் ரேடியோவையும் சேர்த்து எண்ணிய, எல்லா வகை இசைக்குமான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில்கூட அவர்களுடைய இன்னொரு பாட்டு, 'லேண்ட்ஸ்லைட்', ஒரே வாரத்தில் 10-ஆம் இடத்திலிருந்து 43-க்குப் போனது.

அதனால் நோட்டில் ரேடியோ, விற்பனை, டிக்கெட், விருது என்று நாலு பத்தி (column) போடுங்கள். நாலையும் கலக்காதீர்கள்.

டிக்கெட் பத்தியில் ஒரு எச்சரிக்கை. 2003 மே 1 அன்று தென் கரோலினாவில் கிரீன்வில் நகரத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. கூச்சல் போட வந்தவர்களுக்கு பதினைந்து விநாடி தருகிறேன் என்று நாட்டலி மேடையிலிருந்து சொல்ல, அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அதை வைத்து, பார்த்தீர்களா ஒன்றும் குறையவில்லை என்று நானே சில காலம் வாதாடியிருக்கிறேன். அது தப்பு. அந்த டிக்கெட்டுகளில் பெரும்பகுதி லண்டன் பேச்சுக்கு முன்பே விற்றுவிட்டன. பேச்சுக்குப் பின் விற்பனைக்கு வந்த டிக்கெட்டை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அது 2006 பயணத்தில்தான் கிடைக்கிறது. தென் மாநிலங்களில் டிக்கெட் சரியாகப் போகாமல் பல ஊர்க் கச்சேரிகள் ரத்தாயின, கனடாவில் நாட்கள் கூட்டப்பட்டன. ரசிகர்கள் விலகியதும் உண்மை என்று அந்தப் பத்தி சொல்கிறது.

2003 ஜூலை 6, டாலஸ் கச்சேரிக்கு நானும் போனேன். வாசலில் இருந்த போலீஸைப் பார்த்து, பெரிய கூட்டம், அதனால்தான் என்று நினைத்தேன். அந்த ஊரில், அந்தத் தேதியில் நாட்டலியைச் சுட்டுக் கொல்வதாக மிரட்டல் வந்திருந்தது பிறகுதான் தெரியும். அப்படி ஒரு மிரட்டலோடு வந்து நின்று பாடிய பெண்ணை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. இதை நாலு பத்தியில் எதிலும் எழுத முடியாது. தனியாக எழுதிவையுங்கள்.

அடுத்து, கதவு யார் கையில் இருந்தது என்று விசாரியுங்கள். கன்ட்ரி இசையில் அன்றைக்கு ஒரு பாட்டு வீட்டுக்குள் வர ரேடியோவை விட்டால் பெரிய வழி இல்லை. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதனால் நிறைய நிலையங்கள் ஒரு சில கைகளுக்குப் போயின. க்யூமுலஸ் மீடியா நிறுவனம் தன்னுடைய நாற்பதுக்கும் மேற்பட்ட கன்ட்ரி நிலையங்களில் 30 நாள் டிக்ஸி சிக்ஸ் பாட்டு போகக் கூடாது என்று நிறுத்தியது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு நிலையத்தில், அந்த நிலையம் போட்டிருந்த தடையை மீறிப் பாட்டுப் போட்ட இரண்டு அறிவிப்பாளர்களை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். லூசியானாவில் சிடிகளைக் கொட்டி டிராக்டர் ஏற்றினார்கள்.

நேயர்கள் நிலையங்களுக்குப் போன் போட்டுத் திட்டியதும் நடந்ததுதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் உள்ளூர் நிலையம் தன் நேயர் சொல்லி நிறுத்துவதற்கும், தலைமை அலுவலகம் எல்லா ஊருக்கும் சேர்த்து நிறுத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. 2003 ஜூலையில் செனட் குழு விசாரணையில் செனட்டர் ஜான் மெக்கெயின் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். அவர் போரை ஆதரித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். அதனால் அவர் கேட்ட கேள்விக்கு எடை கூடுதல்.

பிறகு ஒப்பிடுங்கள். அதே கருத்தை அதே நேரத்தில் சொன்ன வேறு யாருக்கு என்ன ஆனது? ஷெரில் க்ரோ 2003 பிப்ரவரி கிராமி மேடையில் போர் வேண்டாம் என்று எழுதிய கிட்டார் பட்டையோடு நின்றார். அவருக்கு இப்படி ஒரு அடி விழவில்லை, அவர் ராக் பாடகி. கன்ட்ரி இசையின் பெரியவர் மெர்ல் ஹேகர்டோ இந்தப் பெண்களை விரட்டியது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொன்னார், அவருக்கும் இப்படி ஒரு அடி விழவில்லை. எதிர்ப்பக்கம் கன்ட்ரி பாடகர் டோபி கீத். போர் உணர்வோடு பாடிய அவருக்கு அந்த அரசியல் ஏணியாகவே இருந்தது. ஆக, அரசியல் என்ற ஒரே சொல் போதாது. எந்த இசைக் கூட்டத்தில், பாடியவர் ஆணா பெண்ணா, எந்த வாரத்தில், எந்த ஊரில் என்பதெல்லாம் சேர்ந்துதான் அடி விழுகிறது.

மன்னிப்பையும் பாருங்கள். மார்ச் 14 அன்றே நாட்டலி, ஜனாதிபதியின் பதவிக்கு மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தார். ரேடியோ கதவு திறக்கவில்லை. 2006-ல் அந்த மன்னிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கடைசியாக, அவசரப்படாமல் நாலைந்து வருடம் கழித்து இன்னொரு தடவை அளந்து பாருங்கள். 2006-ல் வந்த 'நாட் ரெடி டு மேக் நைஸ்' பாட்டு கன்ட்ரி பட்டியலில் 36-க்கு மேல் ஏறவில்லை. ஆனால் 2007 பிப்ரவரியில் அந்த ஆல்பமும் பாட்டும் சேர்ந்து ஐந்து கிராமி வாங்கின, அதற்குப் பிறகு ஹாட் 100-ல் அதே பாட்டு 4-ஆம் இடம் வரை போனது. ஒரு பத்தியில் பாதாளம், இன்னொரு பத்தியில் சிகரம். 2020-ல் பெயரிலிருந்து டிக்ஸியை எடுத்துவிட்டு வெறும் சிக்ஸ் (The Chicks) ஆனார்கள். கேட்கிற கூட்டம் மாறிவிட்டது என்பதுதான் என் முடிவு. பழைய கூட்டத்தை இழந்ததன் வலியை அந்த விருதுகள் ஈடுகட்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முடிந்தால், விலகிப்போன ஒரு ஆளையாவது நேரில் கேளுங்கள். கிராமிக்கு மறுவாரம் நான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். பேரன் பத்திரமாகத் திரும்பி வந்து கல்யாணமும் ஆகியிருந்தது. காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்: புஷ்ஷைத் திட்டியதில் அவருக்குப் பெரிய கோபம் இல்லையாம், பிள்ளைகள் போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் வேற்று நாட்டில் போய்ச் சொன்னதுதான் பொறுக்கவில்லையாம். சிடிகள் என்னிடம்தான் இருக்கின்றன, வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த சிப்பாய் பாட்டு இருக்கிறதை மட்டும் கொடு என்றார். இத்தனை வருடம் ரேடியோவில் அவர்கள் குரலே வராததால், அந்தப் பெண்கள் பாடுவதையே விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.