வாட்டர் ஹீட்டர் ராடை வைத்து மின்தடையும் மின்திறனும் கணக்கிடுவது எப்படி?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த கணக்குதான். எந்த இடத்து வோல்ட்டேஜ், எந்த நேரத்து கரண்ட் என்று பார்க்காமல் எண்களைப் போடும்போதுதான் விடை கெட்டுப்போகிறது.

வாளியில் போட்டுத் தண்ணீர் காயவைக்கும் 1500 வாட் ராடை எடுத்துக்கொள்வோம். பழகுவதற்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. உள்ளே இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. சூடேறினாலும் அதன் மின்தடை சில சதவீதத்துக்கு மேல் மாறாது.

முதலில் லேபிளை வைத்து எதிர்பார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர். 230 ÷ 6.52 = 35.3 ஓம். இந்த ராடு 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு உரியதல்ல, 16 ஆம்ப் பவர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும் என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இனி அளவெடுப்பது.

1. பிளக்கைக் கழற்றி வையுங்கள். மல்ட்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3 போல ஏதாவது காட்டும். அது புரோப் வயரின் தடை, பிறகு கழித்துக்கொள்ளலாம். இப்போது பிளக்கின் இரண்டு பின்களில் வைத்தால் 34 முதல் 36 ஓம் வரை வர வேண்டும். ஒரு பின்னுக்கும் பெரிய எர்த் பின்னுக்கும் நடுவே அதிக ஓம் ரேஞ்சில் பாருங்கள். ஏதாவது எண் வந்தால் உள்ளே லீக்கேஜ் இருக்கிறது. அந்த ராடைத் தண்ணீரில் போடவே கூடாது.

2. ராடைத் தண்ணீரில் அமிழ்த்தி, பிளக்கை 16 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்ச் போட்டிருக்கும்வரை தண்ணீரைத் தொடாதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே எக்ஸ்டென்ஷன் போர்டின் பக்கத்து சாக்கெட்டில் ஏசி வோல்ட்டேஜை அளங்கள். 218 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

3. கரண்டுக்கு, வயரை வெட்டாமல் வெளியே கவ்விப் பிடித்தே அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் பாதுகாப்பு. கிளாம்புக்குள் ஒரு வயர் மட்டும் போக வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து மீட்டர் பூஜ்யம் காட்டும். வயர்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் எக்ஸ்டென்ஷன் துண்டு ஒன்று செய்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். 6.2 ஆம்பியர் வந்தது என்போம்.

சாதாரண மல்ட்டிமீட்டரின் 10 ஆம்ப் துளையில் வீட்டு மின்சாரத்தை அளக்க முயல வேண்டாம். சிவப்பு வயர் அந்தத் துளையிலேயே இருக்க, மறந்துபோய் சாக்கெட்டில் வோல்ட்டேஜ் பார்த்தால் அது நேரடி ஷார்ட்.

218 ÷ 6.2 = 35.2 ஓம். 218 × 6.2 = 1352 வாட். ராடு பழுதா? இல்லை. 230 வோல்ட் வந்திருந்தால் 230 × 230 ÷ 35.2 = 1503 வாட். தடை அப்படியே இருக்க, வாட் மட்டும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 190 வோல்டில் இதே ராடு 1026 வாட்தான் தரும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 230 வோல்டில் பதினேழரை நிமிடம் என்றால் இங்கே இருபத்தைந்தரை நிமிடம், அதுவும் வெளியே போகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காமல்.

ராடை நிறுத்திவிட்டு அதே சாக்கெட்டில் மறுபடி வோல்ட்டேஜ் பாருங்கள். 226 வந்தால், ஓடும்போது 8 வோல்ட் வழியில் விழுகிறது. 8 ÷ 6.2 = 1.29 ஓம் வயரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. 8 × 6.2, சுமார் 50 வாட், தண்ணீருக்குப் போகாமல் வழியிலேயே சூடாகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் 20 மீட்டர் தூரம் ஓடினால், போக வர 40 மீட்டருக்குத் தடை ஏறத்தாழ 0.48 ஓம், அதாவது 3 வோல்ட். மீதி 5 வோல்ட் சர்வீஸ் லைனிலோ, சுவிட்சிலோ, சாக்கெட்டிலோ விழுகிறது. இந்த இடத்தில்தான் கவனம் தேவை. லூஸ் ஆன சாக்கெட் பின்னில் அரை ஓம் இருந்தால் 6.2 × 6.2 × 0.5 = 19 வாட். 40 மீட்டர் வயரில் பரவினால் கை வைத்தாலும் தெரியாத சூடு, ஒரே பின்னில் நின்றால் சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்கு வந்துவிடும். பவர் சாக்கெட் கருகுவதும் பிளாஸ்டிக் உருகுவதும் இதனால்தான். பெரிய ஃபியூஸ் போட்டால் இது தீராது. சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

எல்லாச் சாதனத்துக்கும் இந்த வழி சரிவராது. பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது சுமார் 880 ஓம். அணைத்து ஆறவைத்து அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது, டங்ஸ்டன் இழையின் குணம் அப்படி. ஆறிய தடையை வைத்து அதன் வாட்டைக் கணக்கிட்டால் கேலிக்கூத்தாகும்.

எல்இடியில் வேறு தப்பு நடக்கும். 12 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்இடி, 20 மில்லிஆம்பியர். எல்இடியோடு தொடராகப் போடும் ரெசிஸ்டர் எத்தனை ஓம்? பலரும் 12ஐ 0.02ஆல் வகுத்து 600 ஓம் என்பார்கள். எல்இடியே 2 வோல்டை எடுத்துக்கொள்வதால் ரெசிஸ்டரின் மேல் நிற்பது 10 வோல்ட்தான்: 10 ÷ 0.02 = 500. கடையில் கிடைக்கும் 510 அல்லது 560 போடலாம். அதில் 0.2 வாட் வரை சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் கொதிக்கும். அரை வாட் வாங்குங்கள். மில்லிஆம்பியரை 1000ஆல் வகுக்க மறந்தவருக்கு அரை ஓம் என்று விடை வரும், எல்இடி உடனே போய்விடும்.

ஃபேன், பம்ப் மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் அல்ல, வோல்ட்ஆம்பியர். அதில் எத்தனை பங்கு உண்மையில் வாட்டாகிறது என்று சொல்லும் பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும். 230 வோல்டில் 6 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அது 0.8 என்றால், 1380 அல்ல, 1104 வாட். பவர் ஃபேக்டர் தெரியாவிட்டால் ஈபி மீட்டரிலேயே பார்க்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னியதிலிருந்து மறுமுறை மின்னும்வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று மீட்டரில் அச்சிட்டிருந்தால், 1125ஐ (ஒரு யூனிட்டான 36 லட்சம் வாட்-நொடி ÷ 3200) அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 15 நொடிக்கு ஒருமுறை மின்னினால் உங்கள் ஃபேன் 75 வாட்.