ஸ்பிரிட் அடுப்பு: சுடரைக் கண்ணால் நம்பாதீர்கள்

மலையேற்றத்தில் முதுகுப்பையின் எடையைக் குறைக்க, ஸ்பிரிட்டில் (ஆல்கஹால் எரிபொருள்) எரியும் அடுப்பு நல்ல வழி. குளிர்பான டின்னில் செய்தது சில கிராம்தான் இருக்கும், பழுதாவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஸ்பிரிட் ஊற்றினால், தீ நேராகக் கையிலுள்ள பாட்டிலுக்கு ஏறிவிடும். இதில் பெரிய ஆபத்தே இதுதான். உள்ளங்கையைச் சற்று உயரத்தில் காட்டிச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பு முழுக்க ஆறிய பிறகே மறுபடி ஊற்றுங்கள்.

முதலிலேயே அளந்து ஊற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாத்திரத்துக்கு மூடியும் சுற்றிலும் காற்றுத் தடுப்பும் இருந்தால், அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லி ஸ்பிரிட் போதும். தடுப்பின் அடியில் காற்று புக இடைவெளி விடுங்கள்.

ஆல்கஹாலில் பல வகை உண்டு. எத்தனால் அதிகமுள்ள ஸ்பிரிட்தான் சரி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாத்திரத்தைக் கரியாக்கிவிடும். மெத்தனால் சுத்தமாக எரியும், ஆனால் கொடிய விஷம். எதுவானாலும் தண்ணீர் பாட்டில் போலவே இருக்கும் பாட்டிலில் வைக்காதீர்கள். இருட்டில் யார் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

கடுங்குளிரில் பற்ற மறுத்தால், பாட்டிலைச் சற்று நேரம் சட்டைப் பைக்குள் வைத்துக் கதகதப்பாக்கலாம். கூடாரத்துக்குள் மட்டும் பற்ற வைக்கவே வேண்டாம்: தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அப்புறம், அடைக்கும் வால்வு இல்லாததால் கோடையில் சில காடுகளில் இந்த அடுப்புக்குத் தடை உண்டு. கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.