ஐவரியா, லைட் கிரேயா? சுவரில் அடிக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை

பெயிண்ட் கடை ஷேட் கார்டில் தபால்தலை அளவுக்கு இருக்கும் கட்டத்தைப் பார்த்து ஹாலுக்குக் கலர் முடிவு பண்ணாதீர்கள். அதுவும் ஐவரி, லைட் கிரே மாதிரி இரண்டு சாதுவான கலர் என்றால், நாலு சுவரிலும் ஏறிய பிறகுதான் ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் சுயரூபத்தைக் காட்டும்.

முதலில் இரண்டையும் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள், உள்ளே ஒளிந்திருக்கும் சாயல் தெரிந்துவிடும். பல கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் தருகின்றன. வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கு 0 முதல் 100 வரை. இரண்டுக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் வெளிச்சம் கூடுதலாக இருப்பதே நல்ல கலர் என்று தோன்றிவிடும்.

அப்புறம் சாம்பிள் டப்பா வாங்கி, கெட்டியான வெள்ளை சார்ட் அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட்டிங் அடித்துக் காயவையுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அழுத்தமாகும், அதனால் ஈரத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய சுவரில் நேராக அடித்தால் அங்கே இருக்கிற கலர் கண்ணைக் குழப்பும்.

நம்ம பக்கம், கீழக்கரையோ மண்டபமோ பாம்பனோ, உச்சி வெயில் மணலில் பட்டு ஜன்னல் வழியாக உள்ளே எகிறும்போது இரண்டு அட்டையும் வெளுத்து ஒன்றுபோலத்தான் இருக்கும். காலையில் பாருங்கள், மேற்கு வெயில் நுழையும்போது பாருங்கள், முக்கியமாக ராத்திரி லைட் போட்டுப் பாருங்கள். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூப் என்றால் அதன் கீழே லைட் கிரே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நீலமடிக்கும், ஐவரி பதமாக நிற்கும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு என்றால் தலைகீழ், ஐவரி ஒரேயடியாக மஞ்சளாகிவிடும். அட்டையைத் தரை ஓரமாகவும் நிறுத்திப் பாருங்கள்; ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு கிரேயில் ரோஸ் சாயலாக ஏறும்.

கடலோரச் சுவரின் அடியில் உப்புப் பூத்து வெள்ளைத் தூளாக உதிருமே, அது கிரேயில் பளிச்சென்று தெரியும், ஐவரியில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கலரால் அதை நிறுத்த முடியாது. ஈரம் வரும் வழியை அடைத்து, தூளைத் தேய்த்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவரில் பெயிண்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கைவைக்க விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், டியூப் லைட்டும் ரெட் ஆக்சைடு தரையும் இருக்கிற வீட்டுக்கு ஐவரிதான். கிரேதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், நீலம் ஓடாமல் லேசாகப் பழுப்பு ஓடும் கிரேயாகத் தேடுங்கள். ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலக்கச் சொல்லி, ஷேட் எண்ணை டப்பா மூடியிலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள்.