அடுத்த செமஸ்டருக்கு என்ன பாடம் எடுக்கலாம்?

பாடப்பட்டியல் வெளியானதும் பலரும் முதலில் பார்ப்பது பாடத்தின் பெயரையும் நேரத்தையும்தான். அப்புறம் நண்பர்கள் எதில் சேர்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்துவிடுவார்கள். நானும் முதல் இரண்டு செமஸ்டர் அப்படித்தான் எடுத்தேன். நான்கு பாடம், எல்லாவற்றுக்கும் ஒரே கிரெடிட், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் மூன்று பாடங்கள் வாரந்தோறும் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டியவை என்பது ஐந்தாவது வாரம் மூச்சு முட்டியபோதுதான் உறைத்தது. மூன்றுமே நல்ல பாடங்கள், ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுத்ததுதான் தப்பு.

முதலில் கிரெடிட்டைப் புரிந்துகொள்ளுங்கள். கிரெடிட் வேலை நேரத்தைத்தான் அளக்கும், அது எந்த மாதிரி வேலை என்பதைச் சொல்லாது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் கணக்கான ஈசிடிஎஸ் (ECTS) முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, சொந்தமாகப் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்கக் கணக்குப்படி வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட், அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் வேலை. அப்படிப் பார்த்தால் 3 கிரெடிட் பாடம் ஒன்று வாரத்தில் 9 மணி நேரத்தைக் கேட்கும். ஐந்து எடுத்தால் 45 மணி நேரம், அதாவது ஒரு முழுநேர வேலைக்கும் கொஞ்சம் மேலே. இந்தியப் பட்டியல்களில் 3-1-2 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: விரிவுரை 3 மணி, டுடோரியல் 1 மணி, செய்முறை 2 மணி. செய்முறையில் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஒரு கிரெடிட் என்பதால் அது 5 கிரெடிட் பாடம், ஆனால் வாரத்தில் வகுப்பிலேயே 6 மணி நேரம் போய்விடும்.

சரி, வேலையின் வகைக்கு வருவோம், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கணிதம், இயற்பியல் போன்றவற்றில் வாரந்தோறும் கணக்குகள் வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நிரலாக்கத்தில் அது முடியாது. ஒரு சின்னப் பிழை ஒரு ராத்திரியையே விழுங்கிவிடும். ஆய்வகப் பாடம் என்றால் உள்ளே இருக்கும் நேரம் தெரியும், வெளியே வந்து அறிக்கை எழுதும் நேரத்தைத்தான் மறந்துவிடுகிறோம். வரலாற்றில் வாரம் நூறு பக்கம் கொடுத்தாலும் வேகமாகப் படித்துவிடலாம், தத்துவத்தில் இருபது பக்கம் அதைவிட அதிக நேரம் கேட்கும். மொழிப் பாடத்தைச் சேர்த்து வைத்துப் படிக்கவே முடியாது, தினமும் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். அதனால் வாசிப்பு ஒன்று, கணக்கு ஒன்று, ஆய்வகமோ மொழியோ ஒன்று என்று கலந்து எடுங்கள். ஒன்றில் களைத்தாலும் இன்னொன்றில் மனம் ஓடும்.

எந்தத் துறையில் இருந்தாலும் புள்ளியியலைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். உளவியல், சமூகவியல், பொருளாதாரம், உயிரியல் எல்லாவற்றின் மேல்நிலைப் பாடங்களிலும் அது தேவைப்படும், கடைசி ஆண்டில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பாட எண்களும் கொஞ்சம் உதவும். பல இடங்களில் 100-ல் தொடங்குபவை அறிமுகப் பாடங்கள், எண் ஏற ஏற நிலையும் ஏறும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நேரியல் இயற்கணிதம் 18.06, அதில் 18 என்பது கணிதத் துறையைக் குறிக்கிறது. எண்ணைவிட முன்பாட நிபந்தனையை, அதாவது சேருவதற்கு முன் எந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நிபந்தனை இருந்தும் தைரியமாகச் சேரலாமா என்று சந்தேகம் வந்தால் முதல் இரண்டு வார அசைன்மென்ட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் எம்ஐடியின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் அதே பொருளில் ஒரு பாடத்தைத் திறந்து முதல் கணக்குத் தொகுப்பை முயன்று பாருங்கள், இலவசம்தான். கேள்வியே புரியவில்லையென்றால் முன்பாடத்தைப் படித்துவிட்டு வாருங்கள். கேள்வி புரிகிறது, விடைதான் தட்டுப்படவில்லை என்றால் தாராளமாகச் சேரலாம்.

இப்போது ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் 1 முதல் 15 வரை வாரங்கள், மேலே பாடங்களின் பெயர்கள். ஒவ்வொரு சிலபஸையும் திறந்து தேர்வு, கட்டுரை, புராஜெக்ட், செமினார் எல்லாவற்றையும் அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள், பக்கத்தில் எத்தனை சதவீத மதிப்பெண் என்றும் போடுங்கள். நான் முதல்முறை இதைப் போட்டபோது எட்டாவது வார வரிசையில் "மிட்டெர்ம் 30, மிட்டெர்ம் 25, கட்டுரை 20" என்று மூன்றும் அடுத்தடுத்து நின்றன, அதற்கு முந்தைய இரண்டு வாரமும் காலி. அதைப் பார்த்த பிறகு ஒரு பாடத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளினேன். தள்ளுவதற்கு முன் அந்தப் பாடம் மறுபடி எப்போது வரும் என்று துறையில் கேட்டுவிடுங்கள், சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், சில அதற்கும் அரிது.

வேறு துறையிலிருந்து ஒரு பாடமாவது எடுங்கள் என்று மனதாரச் சொல்வேன். எடுக்கும்போது அது அந்தத் துறை மாணவர்களுக்கான அறிமுகமா, வெளியிலிருந்து வருபவர்களுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், உள்ளே நடப்பது வேறு. கிரேடு போடாமல் தேர்ச்சியை மட்டும் பதியும் வசதி இருந்தால் அதை இந்த வெளித்துறைப் பாடத்துக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேதிகள். விதி அனுமதித்தால் ஒரு பாடம் கூடுதலாகப் பதிந்து, முதல் இரண்டு வாரம் எல்லா வகுப்புக்கும் போய்விட்டு ஒன்றை விடுங்கள். பாடத்தைச் சுவடில்லாமல் விடுவதற்கு ஒரு கடைசி நாள், அதற்குப் பிறகு விட்டால் மதிப்பெண் பட்டியலில் குறிப்போடு விலகுவதற்கு இன்னொரு கடைசி நாள், பல இடங்களில் இப்படி இரண்டு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதவித்தொகையிலோ மாணவர் விசாவிலோ படிப்பவர்கள் கிரெடிட் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். இடம் நிரம்பிய பாடத்தின் காத்திருப்புப் பட்டியலில் இருந்தாலும் முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள், அன்றே பேராசிரியருக்கு நான்கு வரியில் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் துறை, முன்பாடம் முடித்தாயிற்றா, இந்தச் செமஸ்டரிலேயே ஏன் வேண்டும். முதல் வாரத்திலேயே சிலர் விலகுவார்கள், இடம் அப்போதுதான் காலியாகும்.